கொலைக்கு நடுவே சிரிப்பு எதற்கு?

சாட்ஸ்வொர்த் தேவா:
அடிதடி, ரத்தம், நக்கல் கலந்த துப்பறியும் நாவல்களை ரசிப்பதில் என்ன தப்பு என்று செல்வி அக்கா கேட்டிருந்தாங்க. தப்பு இருக்கு. அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) நாவலில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே 'பதினேழாவது கொலை'. செத்தவனுக்காக அழ ஓர் ஆள் கிடையாது. இதுல சிரிப்பும் சேர்ந்தா வாசிக்கிறவனுக்கு மனசு மரத்துப் போகும்.

மாரிட்ஸ்பர்க் செல்வி:
தம்பி, அந்தப் பகுதியையே நிதானமா படிங்க. ரவுடிகளை எல்லாம் கூட்டி வச்சு துப்பறிவாளன் 'சமாதானப் பேச்சு' நடத்துறான், அவங்க ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டுச் சாகணும்னே. சிரிப்பு அங்கேதான். உடனே, செத்த 16 பேரையும் அவனே எண்ணிச் சொல்றான். கொலை தனக்குப் பழகிப்போச்சேன்னு பயப்படுறான். அபின் மருந்து கலந்த ஜின்னைக் குடிச்சிட்டுக் கண் விழிச்சா, கையில ஐஸ் உடைக்கிற ஊசியோட பிடி. ஊசி, அவன்கூடக் குடிச்சிட்டிருந்த டைனா பிராண்ட்ங்கிற பெண்ணின் நெஞ்சில. அதுதான் பதினேழு. தான்தான் குத்தினோமான்னு அவனுக்கே தெரியலை. மரத்துப்போன மனசைத்தானே ஹாமெட் அங்கே பிடிச்சு உலுக்குறார்?

சாட்ஸ்வொர்த் தேவா:
ஹாமெட்டுக்கு அது கைவந்தது, சரி. பின்னால வந்தவங்க? எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி குத்தலா பேசும். அடி வாங்குற காட்சி நாலு பக்கம் ஓடும், விலா எலும்பு முறிஞ்சவன் அடுத்த அத்தியாயத்துல சுவர் ஏறிக் குதிப்பான். வலி இல்லாத வன்முறை வெறும் கூத்து.

மாரிட்ஸ்பர்க் செல்வி:
அதுல எனக்கும் உடன்பாடுதான். அடி ஒரு வரியில விழணும், வலி அடுத்த அம்பது பக்கத்துக்கு இருக்கணும்.

ஃபீனிக்ஸ் குமரன்:
நம்ம தென்னாப்பிரிக்கக் கதையை ரெண்டு பேரும் விட்டுட்டீங்களே! ஜேம்ஸ் மெக்ளூரின் 'தி ஸ்டீம் பிக்' (1971). பேரை மாத்தி எழுதினாலும் ஊர் மாரிட்ஸ்பர்க்தான். கூராக்கின சைக்கிள் கம்பியை ஒரு பெண்ணின் அக்குள் வழியா இதயத்துல ஏத்திடுறாங்க. காயம் கண்ணுக்கே தெரியாததால மாரடைப்புன்னு முடிவாகுது. சவ அடக்கக்காரர் உடல்களை மாத்தி அனுப்பின குளறுபடியிலதான் கொலை வெளியே வருது. சிரிப்பு அந்தக் குளறுபடி மேல, பிணத்து மேல இல்ல. (இனி வர்றது முடிச்சு, படிக்காதவங்க தாண்டிப் போங்க.) வெள்ளையரா இருந்த அந்தப் பெண்ணோட குடும்பத்தை நிறவெறி அரசாங்கம் கலப்பினம்னு மறுபதிவு செஞ்சதுதான் எல்லாத்துக்கும் வேர்.

சாட்ஸ்வொர்த் தேவா:
அப்போ அங்கே செத்தவளுக்கு ஒரு குடும்பம் இருக்கு, குமரன். நான் கேக்கிறதே அதுதான். அந்த ஒண்ணை ஒத்துக்கிறேன். மத்ததுல என் கட்சி மாறாது.