சார்பு இருப்பது தெரிந்தும் மதிப்பெண் மாறிவிடுகிறதே, ஏன்?

நிதானி (கேள்வி):
அறிவாற்றல் சார்புகளை, அதாவது நம் முடிவுகளை நாமறியாமலே ஒரு பக்கம் சாய்த்துவிடும் மனப்போக்குகளைப் பற்றி ஓரளவு படித்தவன் நான். அப்படியிருந்தும், சென்ற வாரம் ஒரு நேர்காணல் குழுவில், ஒருவருக்கு 5 மதிப்பெண் போதும் என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்த நான், பக்கத்தில் இருந்தவர் "8 கொடுக்கலாம்" என்றதும் தயங்காமல் 7 என்று எழுதினேன். அது, முதலில் காதில் விழும் எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் நங்கூர விளைவு என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பெயர் தெரிந்தும் தப்ப முடியாதென்றால், இவற்றைப் படித்து என்ன பயன்?

தராசுமுள்:
காதில் விழுந்த எண்ணை விழாததுபோல் ஒதுக்கிவிட்டுச் சிந்திப்பது எளிதன்று. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. பங்கேற்றவர்களின் கண்முன்னே ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நிற்கக் கண்டவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-இல் நிற்கக் கண்டவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொடர்பில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? ஆகவே, உங்கள் விழிப்பை நம்பாமல் வேலையின் வரிசையை மாற்றுங்கள். ஒருவரும் வாய் திறக்குமுன் அவரவர் மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும்.

எதிர்வினா:
சீட்டு பாதிக் கிணறுதான் தாண்டும். அந்த 5 எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றின் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று ஊகித்தவர்கள் 8, 10, 12 என்று தம் ஊகத்துக்கு ஒத்த எண்களையே சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் "பொருந்துகிறது" என்ற விடையைப் பெற்று, தவறான விதியை உறுதியாக அறிவித்தார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 7 என்று ஒருமுறை கேட்டிருந்தால் ஊகம் உடைந்திருக்கும். நேர்காணலிலும், வந்தவரை முதல் நிமிடத்தில் பிடித்துப்போனால் அவர் நன்றாகச் சொல்லக்கூடிய கேள்விகளையே கேட்கிறோம். எல்லோருக்கும் ஒரே கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிதானி:
இரண்டும் செய்யக்கூடியவையே. ஆனால் எங்கள் குழுத் தலைவர் அறைக்குள் நுழையும்போதே தம் கருத்தைச் சொல்லிவிடும் வழக்கமுடையவர்.

தராசுமுள்:
அப்படியானால் முதல் சீட்டை அவர் கையில் கொடுங்கள்.