சுரங்கத்த நம்பி ஒரு நாடு எவ்வளவு தூரம் இருக்குனு எத வெச்சு சொல்றது?

தேடல்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா இதுலயே மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கு பொருளாதாரம் பாடம் இல்ல, ஆர்வத்துல படிக்கறேன் அவ்ளோதான். சாம்பியா, சிலி, ஆஸ்திரேலியா மூணுலயும் ஜிடிபில, அதாவது நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தில, சுரங்கத்தோட பங்கு பத்து சதவீதத்துக்கு மேல, பார்த்தா பெரிய வித்தியாசமே இல்ல. ஆனா செம்பு விலை விழுந்தா சாம்பியா ஆடிப்போயிடுது, 2020ல வெளிநாட்டு கடன கட்ட முடியாம கைய விரிச்சுட்டாங்க. 2014-15ல இரும்புத்தாது விலை பாதிக்கும் கீழ போனப்ப ஆஸ்திரேலியாவுக்கு அப்படி ஒண்ணும் ஆகல. அப்போ ஜிடிபி சதவீதம்ங்கறதே தப்பான அளவுகோலா? வேற எந்த நம்பர பார்க்கணும்?

பேரேடு:
தப்பு இல்லங்க, ஆனா அத மட்டும் வெச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. டாலர் எங்கருந்து வருது, கஜானாவுக்கு வரி எங்கருந்து வருதுனு இந்த ரெண்டையும் சேர்த்து பாருங்க. சாம்பியாவோட ஏற்றுமதி வருமானத்துல சுமார் 70 சதவீதம் செம்புதான், டீசல், மருந்துனு வெளியிலருந்து வாங்கற எல்லாத்துக்கும் அந்த டாலர்தான் போகணும், வாங்கின கடனும் பெரும்பாலும் டாலர்ல, அதனால செம்பு சரிஞ்சா உள்ளூர் பணமும் சரியும், அது சரிஞ்சா அதே கடன் உள்ளூர் கணக்குல மலை மாதிரி ஏறும். ஆஸ்திரேலியாவும் இரும்புத்தாது, நிலக்கரி, எரிவாயுனு பூமிக்குள்ள இருந்து எடுத்துதான் அதிகமா ஏற்றுமதி பண்ணுது, அத மறைக்க வேண்டாம். ஆனா அரசாங்கம் கடன் வாங்கறது சொந்த பணத்துல. 1983லருந்து ஆஸ்திரேலிய டாலரோட மதிப்பு சந்தை போற போக்குல மிதக்குது, தாது விலை விழுந்தா அதுவும் கூடவே இறங்கும், அப்போ வெளிநாட்டு மாணவர்களுக்கும் டூரிஸ்ட்டுக்கும் அந்த நாடு மலிவாயிடும், ஒரு பக்கம் போனது இன்னொரு பக்கம் கொஞ்சம் வந்துடும்.

வேலைவாய்ப்ப வெச்சு அளந்தாலும் ஏமாந்துடுவோம். ஆஸ்திரேலியாவுல வேலை செய்யறவங்கள்ல சுரங்கத்துல இருக்கறவங்க நூத்துக்கு ரெண்டு மூணு பேர்தான். அங்க இரும்புத்தாது எடுக்கற பில்பாரா பகுதில ஓடற ராட்சச லாரிகள்ல பலதுல டிரைவரே கிடையாது, சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த்ல ஏசி ரூம்ல உக்காந்து ஸ்கிரீன்ல கண்காணிக்கறாங்க. பணம் நிறைய, ஆள் கம்மி, இந்த தொழிலோட சுபாவமே அது.

காப்பர்பெல்ட்காரன்:
பேரேடு சார் சொன்னது அத்தனையும் நான் கண்ணால பார்த்தது. 2013லருந்து 2016 வரைக்கும் சாம்பியாவோட செம்புச் சுரங்கப் பகுதியான காப்பர்பெல்ட்ல, சுரங்கத்துக்கு மிஷின் ரிப்பேர் பண்ற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். காலைல ஆபீஸ் போனதும் முதல் வேலை லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச்ல நேத்து செம்பு என்ன விலைக்கு முடிஞ்சதுனு பார்த்து போர்டுல எழுதறது, மெக்கானிக்லருந்து வாசல்ல செக்யூரிட்டி வரைக்கும் அத ஒரு தடவ பார்த்துட்டுதான் உள்ள போவாங்க. 2015ல அந்த நம்பர் தினமும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. எங்களுக்கு பில் பாஸ் ஆகறது முதல்ல நாப்பத்தஞ்சு நாள், அப்புறம் தொண்ணூறு நாள், அப்புறம் போன் பண்ணாலே எடுக்கமாட்டாங்க, எங்களுக்கு வரலைனா நாங்க டயர் கடைக்கு குடுக்க முடியாது, டயர் கடைக்காரர் பையனோட ஸ்கூல் பீஸ் கட்ட முடியாம என் டேபிள் முன்னாடி வந்து நின்னதெல்லாம் இன்னும் கண்ணுலயே இருக்கு. அந்த டயர் கடை எந்த புள்ளிவிவரத்துலயும் "சுரங்கத்துறை"னு வராது, கவனிங்க.

அந்த வருஷம் சாம்பியா பணமான குவாச்சா டாலருக்கு எதிரா கிட்டத்தட்ட பாதி மதிப்ப இழந்துச்சு, மழை இல்லாம கரிபா அணைல தண்ணி வத்தி கரண்ட் கட் வேற. அக்டோபர் 18ம் தேதி நாட்டுக்காக பிரார்த்தனை நாள்னு ஜனாதிபதியே அறிவிச்சாரு, பார் எல்லாம் மூடியிருந்துச்சு, புட்பால் மேட்ச் கூட கிடையாது. வெளிநாட்டுல அத கிண்டல் பண்ணி எழுதினவங்க இருக்காங்க, ஆனா அந்த ஊர்ல இருந்தவனுக்கு தெரியும், சம்பளம் வருமா வராதானு இருக்கறவங்க வேற என்ன பண்ணுவாங்க?

மண்வாசகி:
இன்னொரு விஷயத்த யாருமே தொடல. தாதுவ தோண்டி வித்தா ஜிடிபி ஏறும், ஆனா பூமிக்குள்ள அவ்வளவு சொத்து கொறஞ்சதே, அத ஜிடிபி கழிக்கறது இல்ல. விதைநெல்ல குத்தி சாப்பிட்டுட்டு இந்த வருஷம் நல்ல விளைச்சல்னு சொல்ற மாதிரிதான் அந்த கணக்கு. நவ்ரு அப்படித்தான் போச்சு, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர் தீவு, 1968ல சுதந்திரம், பாஸ்பேட் வித்தே 70கள்ல தலா வருமானத்துல உலகத்துலயே மேல இருந்த நாடுகள்ல ஒண்ணு. இப்போ தீவோட பெரும்பகுதி சுரண்டி எடுத்து வெறும் சுண்ணாம்புப் பாறை கூரா நிக்குது, சேர்த்து வெச்ச நிதியும் கண்டபடி முதலீடு பண்ணி கரைஞ்சு போச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் போட்ஸ்வானா. 1966ல சுதந்திரம் கிடைச்சப்ப நாட்டுல தார் ரோடு 12 கிலோமீட்டர்தான்னு சொல்வாங்க, அடுத்த வருஷமே ஒராபாங்கற இடத்துல வைரம் கிடைச்சுது. கனிம உரிமை எந்த இனக்குழுவுக்கும் இல்ல, அரசுக்குனு அதே 1967ல சட்டம் வந்துச்சு, இத்தனைக்கும் ஒராபா இருந்தது ஜனாதிபதி செரட்ஸே காமாவோட சொந்த இனக்குழு நிலத்துல! அந்த வருமானம் ரோடாவும் பள்ளிக்கூடமாவும் மாறுச்சு, 1994ல பூலா பண்ட்னு தனியா சேமிக்கவும் ஆரம்பிச்சாங்க.

தேடல்வாசி:
ரொம்ப நன்றிங்க, காப்பர்பெல்ட் அண்ணா எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். ஒரு சந்தேகம் மேடம், அவ்வளவு பொறுப்பா நடத்தின போட்ஸ்வானா இப்போ ஏன் திணறுதுனு செய்தி வருது?

மண்வாசகி:
பொறுப்பா செலவு பண்றது வேற, வேற தொழில் வளர்க்கறது வேற. முதல்ல சொன்னத நல்லாவே செஞ்சாங்க, ரெண்டாவது பெருசா அமையல. வைர சந்தை சரியற வரைக்கும் ஏற்றுமதில சுமார் 80 சதவீதம் வைரமாதான் இருந்துச்சு, அரசு வருமானத்துலயும் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அதுதான். லேப்ல வளர்க்கற வைரம் மலிவா வந்து சந்தைய அடிச்சதும் 2024ல பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கிடுச்சு. இதுல அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, வருத்தம்தான், கடல் இல்லாத நாடு, தண்ணி கம்மி, ஜனத்தொகையும் கம்மி, பேக்டரி கொண்டு வர்றது சொல்ற அளவுக்கு சுலபம் இல்ல.

பேரேடு:
மேடம் சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். தேடல்வாசி, நீங்க அடுத்த தடவ ஒரு நாட்ட எடுத்தா ஒரு வருஷ சதவீதத்தோட நிறுத்தாதீங்க. விலை விழுந்த ஒரு வருஷத்தையும் விழறதுக்கு முன்னாடி இருந்த ஒரு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வசூல், கரன்சி, அந்நிய செலாவணி கையிருப்பு மூணும் எவ்வளவு இறங்குச்சுனு பாருங்க. சாம்பியாவுக்கு 2014, 2015, போட்ஸ்வானாவுக்கு 2022, 2024. மத்திய வங்கி அறிக்கைலயே எல்லாம் கிடைக்கும், சிக்கல் வந்தா இங்கயே கேளுங்க.