மாலகாவில் அம்மாவுடன் இரண்டரை நாள்: திங்கட்கிழமை விடுமுறையாம், கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள்

வடகடல் (கேள்வி)

வணக்கம். ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்த அம்மாவோடு ஸ்பெயினின் மாலகாவுக்கு நேற்று வந்து சேர்ந்தோம். இன்று ஞாயிறு, புதன் மதியம் விமானம்.

இன்று ஒரு நிறுவனத்தின் நடைச் சுற்றுலாவில் சேர்ந்தது பெரிய தப்பு. கதீட்ரல், பிக்காசோ பிறந்த வீடு, ரோமானிய அரங்கு என்று மூன்று மணி நேரம் நிற்க விடாமல் ஓட்டினார்கள். அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. அறைக்கு வந்ததும், "கடைத்தெருவா காட்டுறாங்களே, இந்த ஊர் ஜனங்க எங்கதான்டா இருக்காங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நாளைக்கு தாவரவியல் பூங்காவும் ஆங்கிலேயர் கல்லறையும் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். இரண்டுமே திங்கள் விடுமுறையாம். எதை எந்த நாளில் மாற்றிப் போடுவது? படி அதிகம் ஏற முடியாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார்.

மலைக்கோட்டை

நானும் என் மாமியாரோடு இதே ஊரில் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நாளைக்கு அம்மாவுக்குப் பாதி ஓய்வு கொடுங்கள். காலையில் அத்தாரசானாஸ் சந்தை மட்டும் போதும். ஞாயிறு விடுமுறை, திங்கள் உண்டு; ஆனால் மதியத்தோடு மூடிவிடும். வாசலில் தெரியும் குதிரைலாட வளைவு, கிரனாடா சுல்தான்கள் காலத்துக் கப்பல் கட்டும் தளத்தின் மிச்சம். அப்போது கடல் அதுவரைக்கும் வந்திருக்கிறது. இன்று கடற்கரைக்குப் போக அங்கிருந்து ஒரு நடை நடக்க வேண்டும். உள்ளே இரும்புக் கூரை 19ஆம் நூற்றாண்டு வேலை. பின்பக்கம் பெரிய வண்ணக் கண்ணாடியும் உண்டு. ஊர்ப் பெண்கள் சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு பேரம் பேசுவதைப் பார்த்தால் அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சாயங்காலம் 11ஆம் எண் பேருந்தில் பெத்ரெகலேஹோ போங்கள். பழைய மீனவர் குப்பம், தரை சமம். கரையோரம் மணல் நிரப்பிய பழைய படகுக்குள் விறகை எரித்து, மூங்கில் மாதிரி நாணல் குச்சியில் மத்தி மீனைக் கோத்து நட்டு வைத்துச் சுடுவார்கள், எஸ்பேத்தோ என்பார்கள். அம்மா சாப்பிட வேண்டாம், பார்த்தாலே போதும். பக்கத்தில் மரப்படகு கட்டும் பட்டறை இருக்கிறது. ஹாபேகா என்ற அவர்களுடைய நீண்ட படகின் முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருப்பதைக் காட்டுங்கள்.

கீழவாசல்

கல்லறையைச் செவ்வாய் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் திறப்பதில்லை. சரிவில் ஏறும் பாதை, படி குறைவு. இடையில் உட்காரப் பெஞ்சு இருக்கிறது. வாசலில் கல் சிங்கங்கள் உண்டு.

ஏன் அங்கே போக வேண்டும் என்றால், 1831க்கு முன்னால் புராட்டஸ்டண்டுகளுக்கு இந்த ஊரில் அடக்கம் செய்ய இடமே கிடையாது. இரவில் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலில் நின்ற வாக்கில் புதைப்பார்களாம். அலை வந்து கிளறிவிடும். இதைத் தாங்க முடியாமல் இந்த ஊரின் பிரிட்டிஷ் துணைத் தூதரக அதிகாரி (கான்சல்) வில்லியம் மார்க் போராடி வாங்கிய நிலம் இது. மேலே மதில் சூழ்ந்த பழைய பகுதியில் சில கல்லறைகள் முழுக்கச் சிப்பி பதித்தவை. குனிந்து கிட்டத்தில் பாருங்கள்.

நீங்கள் ஜெர்மனியில் இருப்பதால் இன்னொன்று. க்னைசெனவ் என்ற ஜெர்மன் பயிற்சிக் கப்பல் 1900 டிசம்பரில் இந்தத் துறைமுக வாயிலில் புயலில் உடைந்தது. ஊர் மக்கள் கடலில் இறங்கி மாலுமிகளை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதில் உயிர் விட்ட ஊர்க்காரர்களும் உண்டு. இறந்த மாலுமிகள் இந்தக் கல்லறையில்தான் இருக்கிறார்கள். 1907 வெள்ளத்தில் குவாதல்மெதினா ஆற்றுப் பாலங்கள் போனபோது, ஜெர்மனி நன்றிக்கடனாக ஓர் இரும்பு நடைபாலம் கொடுத்தது. 1909இல் வந்தது, இன்றும் இருக்கிறது. சாந்தோ தொமிங்கோ கோயில் பக்கம். ஆற்றில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மலைக்கோட்டை

தாவரவியல் பூங்காவைப் புதன் காலைக்கு வைக்காதீர்கள் சகோ, ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. விமானத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் நிம்மதியாக ஒரு மரத்தடியில்கூட உட்கார முடியாது. தெர்ரால் என்று உள்நாட்டிலிருந்து வரும் அனல் காற்று அடிக்கும் நாளில் மதியம் வெளியே போகவும் வேண்டாம். இந்த முறை பூங்காவை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. அங்குள்ள விஸ்டேரியா பந்தல் பூப்பதும் வசந்தத்தில்தான். புதன் காலை அல்காசபா கோட்டை போதும். நகராட்சிக் கட்டிடத்துக்குப் பின்னால் மின்தூக்கி இருக்கிறது, முட்டிக்கு வேலை இல்லை.

செவ்வந்தி

சாப்பாட்டுக்கு நான். ஆஹோபிளாங்கோ கேளுங்கள். பாதாம், பூண்டு, ரொட்டி, எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கஞ்சி, மேலே திராட்சை. வெயிலுக்கு வயிறு குளிரும். பொரித்த கத்தரிக்காயில் கரும்புப் பாகு ஊற்றியும் தருவார்கள், பெரெங்ஹேனாஸ் கோன் மியெல் தே கான்யா. அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் கடற்கரைக் கடைகளில் மீன் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயையும் போடுவார்கள். "எஸ் எல் மிஸ்மோ அஸெய்தே கே எல் பெஸ்காதோ?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். மாவில் முட்டை இருக்கிறதா என்பதற்கு "யேவா உவேவோ?". மாலகா சாலட் என்றால் அதில் கருவாட்டு மீன் இருக்கும், வாங்காதீர்கள்.

வடகடல்

செவ்வாய் இரவு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கடற்கரையில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கடைக்காரர் "ஆமாம், அதே எண்ணெய்தான்" என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆஹோபிளாங்கோவை அம்மா இரண்டு முறை வாங்கிக் குடித்தார். படகின் கண்ணைத் தொட்டுப் பார்த்து, "இது வழி பாத்துக்கிட்டுப் போகுமா?" என்றார்.

கல்லறையில் ஒரு மணி நேரம் இருந்தோம். சிப்பி பதித்த ஒரு சின்னக் கல்லறை, குழந்தையுடையது போல. அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாலுமிகள் கதையைச் சொன்னதும், "பெத்தவங்க எங்கயோ இருந்திருப்பாங்க" என்றார். பாலத்தையும் நடந்து கடந்தோம். என்னோடு வேலை செய்யும் ஜெர்மானியர் யாரும் இதைப் பற்றிச் சொன்னதில்லை. திரும்பிப் போனதும் நானே சொல்லப் போகிறேன்.

ஒரு கடைசிச் சந்தேகம். சாயங்காலம் தெருவில் ஒருவர் வெள்ளைச் சட்டையும் சிவப்பு இடுப்புத்துணியுமாக, சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்றில் வெள்ளைப் பூ உருண்டைகளைக் குத்தி விற்றார். வாசனை வந்ததும் அம்மா நின்றுவிட்டார். மல்லிகை! ஒன்று வாங்கினோம். இதை எப்படிக் காப்பாற்றுவது?

கீழவாசல்

அது பிஸ்நாகா. இயற்கையாக அப்படிப் பூப்பதில்லை. காய்ந்த காட்டுச் செடியின் குடை போல விரிந்த தண்டில் மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்துகிறார்கள். விரியும் முன் பறித்துக் குத்தினால் மாலையில் தானாக மலரும். தண்டு காய்ந்தது, அதனால் தண்ணீரில் வைத்துப் பயனில்லை. ஈரத்துணியில் லேசாகச் சுற்றி வைத்தால் இன்று இரவு தாங்கும், அவ்வளவுதான். இந்த ஊர்ப் பெண்களும் இதைத் தலையில் வைப்பார்கள்.

வடகடல்

துணி நனைக்கப் போனேன். அதற்குள் அம்மா பாதிப் பூவை உருவி, தைக்கிற நூலில் கட்ட ஆரம்பித்துவிட்டார். தண்டை மட்டும் பெட்டியில் வைக்கச் சொல்கிறார்.