புளூகிராஸ் இரவுக்கு ஒரு மைக் போதாதா?

ஐந்துநரம்பு:
போன ஜூனில் அமெரிக்காவில் இந்தியானாவின் பீன் பிளாசம் புளூகிராஸ் விழாவுக்குப் போயிருந்தேன். புளூகிராஸ் என்ற அமெரிக்க நரம்பிசை வகையை உருவாக்கிய பில் மன்ரோ 1967இல் தன் சொந்த இடத்தில் தொடங்கியது. 1996இல் அவர் மறைந்த பிறகும் அதே இடத்தில் நடக்கிறது. மேடையைச் சுற்றிலும் மரங்கள். இருட்டியதும் புல் முழுக்க மின்மினி. நான் கேட்ட குழுவில் ஐந்து பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்றார்கள். தன் முறை வந்தவர் நெருங்குவார், வாசித்து முடித்தவர் விலகுவார். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்களுடைய கால்களே.

மேடை அடங்கியபின் கூடாரங்களுக்கு நடுவே நடந்தபோதுதான் எனக்கு அந்த இரவு தொடங்கியது. ஒரு பெரியவருடைய பாஞ்சோ என்ற நரம்புக் கருவிக்குக் கன்றுத்தோல் போர்த்தியிருந்தது. புழுக்கத்தில் தோல் தொய்ந்து நாதம் மந்தமாகிவிட்டது. பறையைத் தீயில் காய்ச்சுவார்களே, அப்படி அதை விளக்கின் சூட்டில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். போதவில்லை. மறுபடியும் காட்டினார். ஓசை தெளிந்ததும் 'பி' என்று சுருதியைச் சொன்னார். ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஏழு பேர் வாசிக்கத் தொடங்கினார்கள். பாட்டு முடியப்போகிறது என்று அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்ட, எல்லாரும் ஒரே அடியில் நிறுத்தினார்கள்.

புளூகிராஸ் இந்த அளவுக்கான இசை. டிரம்ஸும் ஆளுயர ஒலிபெருக்கியும் வந்தபின் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

மலைச்சரிவு:
அந்தப் பாஞ்சோ காட்சியைப் படித்து மனம் நிறைந்தது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் கொலராடோவின் டெல்யுரைடு புளூகிராஸ் விழாவுக்குப் போகிறவன். 8,750 அடி உயரம், மூன்று பக்கமும் மலைச்சுவர். ஜூன் மாதத்திலும் இரவில் கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. மாண்டலின் கலைஞர் சாம் புஷ் 1975 முதல் அங்கே வாசித்துவருகிறார். அவர் குழுவில் டிரம்ஸ் உண்டு. ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆடும்போது மாண்டலின் மலையில் பட்டுத் திரும்புகிறது. வேறு பெயர் வைக்க வேண்டுமானால் அங்கே வந்து கேட்டுவிட்டு வையுங்கள்.

பில் மன்ரோவின் பெயரால் எல்லை போடுவதும் சரியில்லை. 1940களில் அவர் குழுவிலேயே சாலி ஆன் ஃபாரஸ்டர் அக்கார்டியன் வாசித்தார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவுடன் சேர்ந்தபோது அந்த வேகமே மேடைக்குப் புதிது. அதே ஸ்க்ரக்ஸ் பின்னாளில் தன் மகன்களோடு, டிரம்ஸும் மின்கருவிகளும் வைத்துக் குழு நடத்தினார். அவர் வாசித்ததையும் புளூகிராஸ் இல்லை என்பீர்களா?

ஐந்துநரம்பு:
ஆம், அந்தக் குழுவின் இசையில் பெரும்பகுதியை நான் புளூகிராஸ் என்று சொல்ல மாட்டேன். ஸ்க்ரக்ஸ் மீது எனக்குள்ள மரியாதை அதனால் குறையாது. ஒரு கலைஞர் ஒன்றை உருவாக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போகலாம்.

அக்கார்டியன் வந்தது, போனது. தங்கியது எது? மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில் என்ற வயலின், கிட்டார், பாஸ். பிறகு கிடையாக வைத்து வாசிக்கும் டோப்ரோ கிட்டார். தங்கியதற்குக் காரணம் இருக்கிறது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கரையோரம்:
இருவரும் வாசிப்பவர்கள் போலிருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. கூடாரத்தடி வட்டம் வாசிப்பவர்களுக்கானது. கேட்பவர் இரண்டாம் வரிசையில், முதுகுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுதான் முறை, அதில் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவுக்கு 71 வயது, காது மந்தம். நள்ளிரவில் ஈரப் புல்லில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஒரு திடலில், ஒலிபெருக்கிக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்த அன்றுதான் ஃபிடிலை முழுதாகக் கேட்டார். வீடு வரும்வரை விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரவை இசையில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஐந்துநரம்பு:
உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். நான் எழுதியதில் அவருக்கு இடமில்லாமல் போனது என் தவறு. ஒலிபெருக்கியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

டிரம்ஸ் விஷயத்தில் அசைய மாட்டேன். மாண்டலின்காரர் விட்டடியில், அதாவது பாஸின் அடிகளுக்கு இடையே, நரம்பை வெட்டி, அழுத்திய விரலை உடனே தளர்த்தி, 'சக்' என்று ஓசையை அணைக்கிறாரே, அந்த சாப்தான் புளூகிராஸின் முரசு. பாஸ் அடியில் விழுகிறது, சாப் விட்டடியில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பாஞ்சோ ஓடுகிறது. அங்கே ஸ்னேர் டிரம் வந்து உட்கார்ந்தால் மாண்டலினுடைய வேலையே போய்விடுகிறது. என் வாதம் பழைமைக்காக இல்லை, அந்த வேலைக்காக.

மலைச்சரிவு:
இது நல்ல வாதம். இப்படித் தொடங்கியிருந்தால் நான் இவ்வளவு சீறியிருக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று. ஒற்றை மைக்கை இயற்கையான நிலை போல எழுதுகிறீர்கள். மன்ரோ 1939இல் கிராண்ட் ஓல் ஆப்ரியில் சேர்ந்தார், அது வானொலி நிகழ்ச்சி. கென்டக்கியின் சிற்றூரில் பிறந்தவருடைய உச்சக் குரலை ஊர் ஊராகக் கொண்டுபோனதே மைக். பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. சிறுவயதில் மன்ரோவைப் பாதித்தவர்களில் ஒருவர் கறுப்பின இசைக்கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். எங்கிருந்தெல்லாமோ வந்து கலந்ததற்கு 1945இல் கதவைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை.

சாப் பற்றி: சாம் புஷ் வாசிக்கும்போது டிரம்ஸுக்கு அடியில் அது காணாமல் போகவில்லை. வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், ஸ்னேரும் சாப்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன.

ஐந்துநரம்பு:
அந்த உரசல்தான் எனக்கு இடிக்கிறது.

கரையோரம்:
அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கன்றுத்தோல் பாஞ்சோவை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அடுத்த ஜூனில் பீன் பிளாசமுக்கு மடக்கு நாற்காலியோடு வருகிறோம். ஐந்துநரம்பு, வட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் பார்த்துவையுங்கள்.

ஐந்துநரம்பு:
பாஸ்காரருக்கு இடப்பக்கம். தரையின் அதிர்வு நாற்காலிக்கால் வழியாக அவருக்கு ஏறும்.