ஆள் செய்யும் தப்பு, மெஷின் செய்யும் தப்பு: ஈஈஜி (தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலையைப் பதிவது) எடுத்தவர்கள் சொல்வது

(ஒவ்வொருவரும் சேலத்தில் தம் பகுதியின் பெயரால் குறிக்கப்படுகிறார்.)

சூரமங்கலம்:
காபிக்கொட்டை தரம் பிரிப்பதை வைத்துச் சோதனை அமைப்பவர்களுக்கு. கெட்டுப்போன கறுப்புக் கொட்டையைக் கையாலும் பொறுக்கலாம், கலர் சார்ட்டரில் (நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷினில்) விட்டுக் காற்றடித்தும் தள்ளலாம். அது நல்ல கொட்டையோடு போய் விழுந்தால் பார்க்கிறவர் மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

தானே தப்பான பட்டனைத் தட்டினால் 50 முதல் 100 மில்லிசெகண்டுக்குள் உச்சிக்குச் சற்று முன்னால், எஃப்.சி.இசட் மின்முனையில் எதிர்ப்பக்க அலை எழும். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபால்கன்ஸ்டைன் குழுவும் அமெரிக்காவில் கெரிங் குழுவும் தனித்தனியே காட்டிய ஈ.ஆர்.என் (தப்பு சார்ந்த எதிர்ப்பக்க அலை) இதுதான். 200 முதல் 400-க்குள் சற்றுப் பின்னால் நேர்ப்பக்க அலை வரும். தப்பு செய்தது உறைத்தால்தான் அது பெரிதாகத் தெரியும். அடுத்தவர் தப்பைப் பார்க்கும்போது எழும் எதிர்ப்பக்க அலை சிறியது, பிந்தியது: ஏறக்குறைய 250-இல். ஆள், மெஷின் இரண்டுக்குமே அலை பதிவாகியிருக்கிறது. ஆகவே வருகிறதா என்பதில் சுவாரஸ்யம் இல்லை. இரண்டையும் நியாயமாக ஒப்பிட முடிகிறதா என்பதில்தான் தலைவலி.

நிறைய பேர் கோட்டை விடுவது சுழிய நேரத்தில், அதாவது மில்லிசெகண்டை எண்ணத் தொடங்கும் கணத்தில். கை தப்பான தட்டுப் பக்கம் திரும்பும்போதே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். கொட்டை விழும் கணத்தைச் சுழியமாக வைத்தால் அலை சிதறிப்போய், பல பதிவுகளின் சராசரியில் கரைந்துவிடும். சார்ட்டரிலோ காற்றடிப்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அலை கூர்மையாக நிற்கும். உடனே ‘மெஷின் தப்புக்கு மூளை அதிகம் துடிக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். வீடியோவை விட்டுவிடுங்கள். முதலில் கொட்டையின் படம், பிறகு ‘ஆள்’ அல்லது ‘மெஷின்’ என்ற குறிப்பு, கடைசியில் எந்தத் தட்டு என்று ஒரே மாதிரிப் படம். குறிப்பு மட்டும் மாறட்டும். முடிந்தபின், ஆள் என்றதை உண்மையில் நம்பினாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு சேர்த்துக்கங்க. தப்போட விகிதம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஆளுக்கு 20 சதவீதம், மெஷினுக்கு 5 சதவீதம்னு வெச்சா, மெஷின் பக்கம் பி3ங்கற நேர்ப்பக்க அலை பெருசா வரும். அது தப்புக்கு வந்ததில்லைங்க, அபூர்வமா வந்ததுக்கு வந்தது.

காபிக்கொட்டைக்குப் பதிலா தறியோட தப்பை வெச்சுச் சோதனை செய்யறவங்க ரெண்டு வகையைக் கலந்துடாதீங்க. பாவு நூல் அறுந்தும் தறி ஓடறது ஒண்ணு, நூல் நல்லா இருக்கறப்பவே தறி நிக்கறது இன்னொண்ணு. முதல்ல சொன்னதுல எதுவுமே நடக்கலை, அதனால சுழிய நேரம்னே ஒண்ணு கிடையாது. நிக்கறதை மட்டும் எடுத்துக்கங்க, அதுவும் சத்தமில்லாத ரூம்ல படமா. ஓடற தறிப் பக்கத்துல மின்முனைத் தொப்பி மாட்டினா அதிர்வுல ஒயர் ஆடி, சிக்னல் ஒண்ணுத்துக்கும் ஆகாது.

ஃபேர்லேண்ட்ஸ்:
தலை எண்ணெய்! வரும் நாள் காலையில் ஷாம்பூ மட்டும் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள், கண்டிஷனரும் வேண்டாம். எண்ணெய் இருந்தால் சாதாரண ஈர மின்முனையில் மின்மறிப்பு (மின்னோட்டத்துக்கு உள்ள தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது. இறங்கவில்லையே என்று ஜெல்லை அள்ளி வைத்தால் பக்கத்து மின்முனையோடு ஒட்டிப் பாலம் போட்டுவிடும், அடுத்தடுத்து இருக்கும் எஃப்.இசட், எஃப்.சி.இசட் மின்முனைகளின் கோடுகள் அச்சு அசலாக ஒன்றாக ஓடினால் அதுதான் காரணம். மொட்டை ஊசி சிரிஞ்சால் முடியை விலக்கி, தோலை லேசாகத் தேய்த்து, கொஞ்சமாக விடுங்கள். பூவும் ஹேர்பின்னும் எடுக்க வேண்டும், நெற்றி விபூதி குங்குமத்தைத் துடைக்கவும் வேண்டும். இதைப் போனிலேயே சொல்லிவிட்டால் வந்த இடத்தில் சங்கடம் இல்லை.

மே மாத வெயிலில் வியர்வை பட்டால் கோடு மெல்ல மெல்ல மேலும் கீழும் நகரும். அதை அடக்க 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி போட்டால், பிந்தி வரும் நேர்ப்பக்க அலையும் சேர்ந்து சிதைந்துவிடும். 0.1-இல் வைத்துவிட்டு அறையைக் குளிர்விப்பதே மேல். வெற்றிலை, சூயிங்கம் கூடாது. லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும்.

சூரமங்கலம்:
ட்ரிகர், அதாவது படம் வந்த கணத்தை ஈஈஜியில் குறிக்கும் சிக்னல் பற்றி விட்டுப்போனது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். சாஃப்ட்வேர் ‘காட்டியாயிற்று’ என்ற நேரத்தை நம்பாமல், திரை மூலையில் போட்டோடயோடு (ஒளியை உணரும் சின்னக் கருவி) ஒன்றை ஒட்டி உண்மையான தாமதத்தை அளந்து கழியுங்கள். தாமதம் நிலையாக இருந்தால் பரவாயில்லை. புளூடூத் ஈஈஜி கருவியில் அது ஆடிக்கொண்டே இருக்கலாம், ஒரே எண்ணைக் கழித்து அதைச் சரிசெய்ய முடியாது.

எண்ணிக்கைக்கு: தன் தப்புக்கு 6 முதல் 8 சுத்தமான பதிவுகளிலேயே ஈ.ஆர்.என் நிலைபெறும். பார்க்கும் தப்புக்கு அது போதாது, ஒவ்வொரு பக்கமும் 40 பதிவாவது மிஞ்சட்டும். கண் சிமிட்டலை ஐ.சி.ஏ (கலந்த சிக்னல்களைப் பிரிக்கும் கணக்கு முறை) மூலம் நீக்கியபின்னும் 100 மைக்ரோவோல்ட் தாண்டும் துண்டுகளைத் தள்ளவேண்டும், ஆகவே 60 தப்புகள் வருமாறு திட்டமிடுங்கள். 20 சதவீதம் என்றால் பக்கத்துக்கு 300 படங்கள். நடுநடுவே ஓய்வு கொடுக்காவிட்டால் தூங்கிவிடுவார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
பட்டறை முதலாளி சோதனைக்கு இடம் கொடுத்துவிட்டு, ‘எந்த ஆளுக்குக் கவனம் கம்மி, லிஸ்ட் கொடுங்க’ என்பார். ஒப்புதல் படிவத்திலேயே தனி ஆள் அலை யாருக்கும் காட்டப்படாது என்று தமிழில் எழுதி, முதலாளியிடமும் கையெழுத்து வாங்குங்கள். அலையின் உயரம் மண்டையோட்டுத் தடிமன், வயது என்று பலதைப் பொறுத்தது. அதை வைத்து ஒருவரின் வேலையை எடைபோட முடியாது. கையெழுத்துக்கு மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள்.