போட்டிக்கு ஒரு குட்டி விளையாட்டு: கரூவில் ஒரு மர்ம சிக்னல். குறை இருந்தால் சொல்லி அடித்து நொறுக்குங்கள்

டோங்காட்_தம்பி:
இந்த மாதக் கடைசியில் முடியும் அமெச்சூர் போட்டிக்கு ஒரு பாயின்ட் அண்ட் கிளிக் விளையாட்டு (மவுஸால் பொருள்களைத் தொட்டுப் புதிர் விடுவிக்கிற வகை) செய்துகொண்டிருக்கிறேன். விதி இரண்டுதான்: அறிவியல் புனைகதையாக இருக்க வேண்டும், விளையாடி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. இடம் நம்ம தென்னாப்பிரிக்காவின் நார்தர்ன் கேப்பில், கரூ வறண்ட வெளியில் இருக்கிற மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி. கார்னார்வனில் இருந்து 90 கிலோமீட்டர் தள்ளி, 64 டிஷ், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். வருஷம் 2040. டர்பனில் இருந்து வேலைக்குப் போன செல்வி என்கிற டெக்னீஷியன் ராத்திரியில் அங்கே தனியாக இருக்கிறாள், தினமும் ஒரே நேரத்துக்கு ஒரு சிக்னல் வருகிறது, அது வானத்தில் இருந்து வருகிறதா வேறு எங்கிருந்தாவதா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு இடம், நாலு பேரோடு உரையாடல், மூன்று முடிவு. இதுதான் திட்டம்.

பழைய_மவுஸ்:
ஒரே அறை போதும் தம்பி. எட்டு இடம் என்றால் எட்டு படம் வரைந்தால் போதும் என்று நினைக்கிறாய், அது இல்லை வேலை. ஓர் இடத்தில் தொடக்கூடிய பொருள் பத்து இருந்தால், கையில் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் அந்தப் பத்தின் மேல் போட்டுப் பார்க்க ஒருவன் வருவான், அவனுக்கு ஒவ்வொரு தடவையும் "அது வேலை செய்யாது" என்றே பதில் வந்தால் ஐந்தாவது நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவான். போட்டிகளில் பாதி விளையாட்டுகள் முதல் இரண்டு அறை பளபளவென்றும் மிச்சம் அரைவேக்காடாகவும் இருப்பது இதனால்தான்.

அப்புறம் கதையிலேயே ஓட்டை. மீர்கேட்டை இயக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பது கேப்டவுனில். ராத்திரியில் டிஷ் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? ராத்திரி ஆள் இருக்கிற தொலைநோக்கி வேண்டும் என்றால் சதர்லண்டுக்குப் போ. அங்கே இருக்கிற சால்ட் என்கிற ஒளித் தொலைநோக்கி 2005ல் திறந்தது, 91 அறுகோணக் கண்ணாடி, நிஜமாகவே மலை மேல் குளிரில் ராத்திரி முழுக்க ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற இடம்.

டோங்காட்_தம்பி:
கேபிள் அறுந்துவிட்டது அண்ணே. கேப்டவுனுக்குப் போகிற ஃபைபர் அறுந்தால் யாராவது நேரில் போய்த்தானே ஆக வேண்டும், செல்வி போகிறாள், அதுதான் முதல் காட்சி.

சதர்லண்ட் வேண்டாம், காரணம் சொல்கிறேன். இந்த மாதிரி விளையாட்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "இவள் ஏன் போன் பண்ணி யாரையாவது கேட்கக்கூடாது?" என்பதுதான். அதற்காக பேட்டரி தீர்ந்துபோச்சு, டவர் கிடைக்கவில்லை என்று ஏதாவது சாக்கு சொல்ல வேண்டியிருக்கும். மீர்கேட்டில் சாக்கே தேவையில்லை. 2007ல் அதற்கென்றே சட்டம் போட்டு அந்த வட்டாரத்தை ரேடியோ சத்தம் இல்லாத இடமாகப் பாதுகாக்கிறார்கள், உள்ளே போகிறவன் மொபைலை அணைத்துத்தான் வைக்க வேண்டும். கதாநாயகி தனியாக இருப்பதற்குக் காரணம் அந்த இடத்திலேயே இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்_சாமி:
ஏலியன் எப்போ வரும்? அதைச் சொல்லுங்க முதலில்.

ரேடியோ_ராணி:
சாமி, கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி, இடம் அருமை, விடாதே. ஆனால் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நீ வைத்திருக்கும் புதிர் என்ன? டைரியில் இருக்கிற பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரைத் திறந்து, அதில் விடையைப் படிப்பது என்றால் நான் ஓட்டுப் போட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்தது தெரியுமா? 1998 முதலே அவர்கள் பதிவுகளில் அவ்வப்போது ஒரு விநோத சிக்னல் இருந்தது, பார்க்க தூர விண்வெளியில் இருந்து வருகிற வெடிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் அந்த டிஷ்ஷின் 13 பீமிலும், அதாவது அது ஒரே சமயம் பார்க்கிற வானத்தின் 13 இடத்திலும், ஒரே நேரத்தில் தெரிந்தது, வானத்தில் ஒரு புள்ளியில் இருந்து வருவது அப்படித் தெரியாது. 2015ல்தான் ஆளைப் பிடித்தார்கள். வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடிவதற்குள் அவசரப்பட்டு யாரோ கதவைத் திறந்தபோதெல்லாம் வந்திருக்கிறது.

டோங்காட்_தம்பி:
அக்கா!! அதேதான் என் முடிவும். காவல்காரர் ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு மைக்ரோவேவ் கொண்டுவந்து வைத்திருக்கிறார், ராத்திரி பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) கறியைச் சூடு பண்ண. ரொட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு.

பழைய_மவுஸ்:
மைக்ரோவேவ் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸில். மீர்கேட் கேட்கிற எல் பேண்ட் என்கிற அலைவரிசை 1.67இல் முடிந்துவிடுகிறது. ராணியே இதைக் கேட்பார் என்று பார்த்தேன்.

ரேடியோ_ராணி:
கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. ஓடும்போது 2.4தான். பாதியில் கதவைத் திறந்தால் உள்ளே அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் அணைகிற அந்தக் கணத்தில் 1.4 பக்கமும் ஒரு துடிப்பு விடுகிறது, பார்க்ஸில் பிடித்ததும் அதைத்தான். ஆகவே எல் பேண்டில் தெரியும்.

நான் கேட்க நினைத்தது வேறு. அங்கே கம்ப்யூட்டர்கள் இருக்கிற கட்டடம் பாதி மண்ணுக்குள், ரேடியோ அலை வெளியே கசியாதபடி கவசம் போட்டது. அதற்குள் மைக்ரோவேவ் வைத்தால் டிஷ்ஷுக்கு ஒன்றும் தெரியாது. கவசக் கதவும் அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அப்படியென்றால் கதவு எப்போது திறந்தது என்கிற பதிவு ஒரு தடயம், அடுப்பு இன்னொரு தடயம், இரண்டையும் சேர்க்கிறவனுக்குத்தான் விடை.

டோங்காட்_தம்பி:
இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அக்கா, கிரெடிட்டில் பெயர் போடுகிறேன்.

பழைய_மவுஸ்:
பூட்டைப் பார்த்த பிறகுதான் சாவி கிடைக்க வேண்டும் என்று 1989லேயே மங்கி ஐலண்ட் விளையாட்டைச் செய்த ரான் கில்பர்ட் எழுதிவிட்டார். அந்த அடுப்பு முதல் காட்சியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்து, சிக்னல் பிரச்சினை பிறகு வந்தால் புதிர் அங்கேயே செத்துப்போய்விடும். ரேடியோ கூடாத இடத்தில் ஒரு மைக்ரோவேவைக் காட்டினால் யாருக்குத்தான் புரியாது? சரி, அதை மறைத்து வைக்கிறாய் என்றே வைத்துக்கொள்வோம். 64 டிஷ் இருக்கிற இடத்தில் சிக்னல் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் காட்டப் போகிறாய்? நேர வித்தியாசக் கணக்கா? பள்ளிக்கூட ஹோம்வொர்க்கை எவனும் போட்டிக்கு வந்து செய்ய மாட்டான்.

டோங்காட்_தம்பி:
மூன்று டிஷ்ஷைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் கழித்து, வரைபடத்தில் கோடு போடுவதாக வைத்திருந்தேன்.

பழைய_மவுஸ்:
அதைத்தான் சொல்கிறேன்.

ரேடியோ_ராணி:
மவுஸ் சொல்வது சரி, கோடு போட வேண்டாம். ஆனால் அந்தப் புதிரைத் தூக்கிப் போடவும் வேண்டாம், எண்ணை எடுத்துவிட்டுப் படமாக்கு. மேலிருந்து பார்க்கிற வரைபடம், கறுப்புத் தரை, 64 புள்ளி. சிக்னல் தொட்டதும் அந்தந்தப் புள்ளி எரிகிறது. டிஷ்கள் அதிகபட்சம் 8 கிலோமீட்டர் விலகி இருக்கின்றன, அதைக் கடக்க ஒளிக்கு 27 மைக்ரோசெகண்ட்தான் ஆகும், விளையாட்டில் அதை நாலு செகண்டாக இழுத்துக் காட்டு. தூர வானத்தில் இருந்து சாய்வாக வந்தால் புள்ளிகள் ஒரு நேர்க்கோடு நகர்கிற மாதிரி ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு எரியும். தரையில் பக்கத்தில் இருந்து வந்தால் குளத்தில் கல் போட்ட மாதிரி வட்டமாக விரியும். வட்டத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவனே போய்ப் பார்ப்பான். ஒரு எண் கூட எழுத வேண்டியதில்லை. விளையாட்டும் சரி, இயற்பியலும் சரி.

சாட்ஸ்வொர்த்_சாமி:
இது எனக்கே புரிந்துவிட்டது. செய்யுங்க.

பழைய_மவுஸ்:
படம் நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் வட்டத்தின் நடுவில் போய்ப் பார்த்தால் கறி சூடு பண்ணுகிற அடுப்பு, விளையாட்டு முடிந்தது. இது துப்பறியும் கதை, போட்டி விதியில் இருக்கிற அறிவியல் புனைகதை எங்கே? பார்க்ஸில் நடந்த செய்தியை 2040க்கு நகர்த்தினால் மட்டும் புனைகதை ஆகிவிடாது. நடுவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

டோங்காட்_தம்பி:
அடுப்பை அணைத்த பிறகும் ஒரு சிக்னல் வரும். அப்போதுதான் நிஜமானது.

பழைய_மவுஸ்:
அதை எல்லோரும் செய்கிறார்கள். திரை கறுப்பாகும், ஒரு பீப் சத்தம், பெயர்கள் ஓடும். போன போட்டியிலேயே பார்த்தாகிவிட்டது. விளையாடுகிறவன் செய்ய ஒன்றும் இல்லாத முடிவு அது.

ரேடியோ_ராணி:
அப்படியானால் அந்த நிஜ சிக்னலை வரவைக்காதே தம்பி, ஏற்கெனவே வந்து போனதாக வை. இன்றைக்கே ரேடியோ வானியலில் இரைச்சலைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவது பெரும்பாலும் மென்பொருள்தான், எல்லாவற்றையும் மனிதன் உட்கார்ந்து பார்ப்பதில்லை. 2040ல் அந்த மென்பொருள் தானே கற்றுக்கொள்கிறது என்று வை. ராத்திரிக்கு ராத்திரி அடுப்புச் சிக்னல் வந்து வந்து, இந்த ஜாடையில் எது வந்தாலும் குப்பை என்று அது முடிவு கட்டிவிட்டது. செல்வி அடுப்பைக் கண்டுபிடித்ததும் கதை பாதிதான் ஆகிறது, மீதிப் பாதி அந்தக் குப்பைத் தொட்டிக்குள். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வட்டம், வட்டம், வட்டம், நடுவில் ஒன்று மட்டும் நேர்க்கோடு. முதல் பாதியில் கற்றுக்கொண்டதை வைத்தே இரண்டாவது பாதியை விளையாடுகிறான், புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எதைக் குப்பை என்பது, யார் சொல்வது என்பதில் உன் புனைகதையும் வந்துவிடுகிறது.

சாட்ஸ்வொர்த்_சாமி:
ஏலியன் குப்பையில் இருக்கா? பாவம்.

பழைய_மவுஸ்:
இது பரவாயில்லை. இதற்கும் ஒரே அறை போதும், கட்டுப்பாட்டு மேஜையும் ஒரு திரையும். நான் ஆரம்பத்திலேயே சொன்னது.

டோங்காட்_தம்பி:
முடியாது அண்ணே. வட்டத்தின் நடுவுக்கு நடந்து போக வேண்டும், இருட்டில் டிஷ்களுக்கு நடுவே நடப்பதுதான் இந்த விளையாட்டுக்கு உயிர். எட்டை மூன்றாகக் குறைக்கிறேன்: கட்டடம், வெளித்தரை, அதே மாதிரி கவசக் கதவு போட்ட காவலர் அறை. உரையாடலும் காவல்காரர் ஒருவரோடு மட்டும்.

அடுத்து எஞ்சின், அதாவது விளையாட்டைக் கட்டுகிற மென்பொருள். இந்த வகைக்கென்றே இருக்கிற ஏஜிஎஸ் எடுத்தேன், பையில் சாமான் வைப்பது, நடப்பது, பேசுவது எல்லாம் தயாராகவே வருகிறது. ஆனால் யூனிகோட் தமிழ் போட்டால் கொம்பும் காலும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கின்றன, "கொ" பார்க்கவே சகிக்கவில்லை.

பழைய_மவுஸ்:
யூனிகோடை விடு, பாமினி எழுத்துருவைப் போடு. அதில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தை அடித்து, காலை அடிக்கிறோம், எஞ்சின் எதையும் மாற்றி அடுக்க வேண்டியதே இல்லை. கண்ணுக்குச் சரியாக வரும்.

ரேடியோ_ராணி:
பாமினியில் எழுதினால் பிறகு பிழை திருத்துவது, தேடுவது எல்லாமே தலைவலி. கோடோ 4 என்கிற எஞ்சினுக்கு மாறினால் தமிழ் நேராகவே ஒழுங்காக வரும், 2023ல் இருந்தே. ஆனால் நடப்பது, பை எல்லாம் நீயே எழுத வேண்டும், இருக்கிற நாளுக்குள் அது ஆகுமா?

டோங்காட்_தம்பி:
ஆகாது. ஏஜிஎஸ், பாமினி. எழுத வேண்டியதை யூனிகோடில் எழுதித் திருத்திவிட்டுக் கடைசியில் மாற்றிக்கொள்கிறேன். ஆங்கில வரிகளும் போடுகிறேன், என் தங்கச்சி வயசுப் பசங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

பழைய_மவுஸ்:
நேரக் கெடு வைக்காதே. சிக்னல் வருவதற்குள் ஓடிப் போய்க் கதவைப் பூட்டு என்கிற மாதிரி ஏதாவது வைத்தாய் என்றால் முதல் ஆளாகக் கீழ் மதிப்பெண் போடுவேன்.

டோங்காட்_தம்பி:
ஒன்றே ஒன்று வைக்கிறேன். காவல்காரர் அடுப்பில் கறியை வைத்துவிட்டு வெளியே போவார், மணி அடிப்பதற்குள் நாமே கதவைத் திறந்து பார்க்க வேண்டும். தவறவிட்டால் செத்துப்போக மாட்டோம், அவர் திரும்பி வந்து மறுபடியும் வைப்பார்.

பழைய_மவுஸ்:
எத்தனை தடவை கறி வைப்பார்?

டோங்காட்_தம்பி:
நாம் திறக்கிற வரைக்கும். ஒவ்வொரு தடவைக்கும் வேறு வசனம் எழுதுகிறேன், முதலில் ஆட்டுக்கறி, அப்புறம் பீன்ஸ், அப்புறம் கறி தீர்ந்து வெறும் டீ.

ரேடியோ_ராணி:
சனிக்கிழமைக்குள் முதல் பாதியை அனுப்பு, நான் விளையாடிப் பார்க்கிறேன். சாமியும் பார்க்கட்டும். வட்டத்தைப் பார்த்ததும் அவரே காவலர் அறைக்கு நடக்கிறாரா என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து எதையும் சொல்லிக் கொடுக்காதே.

சாட்ஸ்வொர்த்_சாமி:
நான் நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான் போவேன்.

பழைய_மவுஸ்:
அதுக்குத்தான் சொல்கிறேன், குப்பைத் தொட்டி முதல் பாதியில் பூட்டியிருக்கட்டும். பூட்டு மட்டும் தெரியட்டும்.