கட்டடம் கட்டுவோரிடம் வீதிக்கென்று கட்டணம் அறவிடலாமா? மலையகத்துக்கு அது பொருந்துமா?

கேள்வி: பண்டாரவளை வாசகர்

வணக்கம். எல்லயிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சில ஆண்டுகளாக விருந்தகங்களும் சிறு ஹோட்டல்களும் அடுத்தடுத்து எழும்பி வருகின்றன. அவற்றால் பிழைக்கும் குடும்பங்கள் பல இருப்பதால் கட்டக்கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீதி மட்டும் பழைய அகலத்திலேயே கிடக்கிறது. எங்கள் கிளைவீதியில் ஒரு வான் மேலேறும்போது எதிரே ஆட்டோ வந்தால், இரண்டில் ஒன்று கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் வழிவிட வேண்டும். மதகின் பக்கச்சுவரை மண் ஏற்றிய டிப்பர் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. அந்த இடத்தில் இன்றும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம்.

அண்மையில் நடந்த ஊர்க்கூட்டத்தில், புதிதாகக் கட்டுபவர்களிடம் அனுமதி வழங்கும்போதே வீதிக்கென்று ஒரு தொகையை அறவிட வேண்டும், அமெரிக்க நகரங்கள் அப்படித்தான் செய்கின்றன என்று ஒருவர் சொன்னார். அது சட்டப்படி செல்லாது, கடைசியில் வீடு கட்டும் ஏழையின் தலையில்தான் விழும் என்று இன்னொருவர் மறுத்தார். அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வாங்கிய பணம் எங்கள் வீதிக்குத்தான் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்வேன்.

பதில்: வீதிப் பொறியியலாளர், கண்டி

ஐயா, கூட்டத்தில் முதலில் பேசியவர் சொன்னது உண்மைதான். அமெரிக்காவின் பல நகரங்களும் மாவட்டங்களும் புதிய கட்டடங்களிடமிருந்து தாக்கக் கட்டணம் என்ற ஒன்றை அறவிடுகின்றன. ஆனால் அதை எதற்குச் செலவிடலாம் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். புதிய கட்டடங்களால் கூடும் வாகனங்களைத் தாங்குவதற்காக வீதியை அகலப்படுத்தவும் சந்தியைத் திருத்தவும் புதிய மதகு போடவும் மட்டுமே அந்தப் பணம் உதவும். டெக்சாஸ் மாநிலம் 1987இல் இதற்கென்றே ஒரு சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி பராமரிப்புக்கோ பழுதுபார்ப்புக்கோ இந்தப் பணத்தைத் தொட முடியாது. ஆகவே டிப்பர் இடித்த உங்கள் மதகு இந்தக் கணக்கில் வராது. குழாய் பதிக்க வீதியை வெட்டுபவரிடம் சபை முன்கூட்டியே பணம் வாங்குவதைப் போல, கனரக வாகனங்களைக் கொண்டுவருபவரிடம் வைப்புப் பணம் வாங்கி, வேலை முடிந்தபின் வீதி நன்றாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதே அதற்குரிய வழி.

கணக்கிடும் முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். ஒரு சந்தியை அகலப்படுத்தவும் அதற்குத் தடுப்புச்சுவர் எழுப்பவும் 4 கோடி ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தி இன்றைக்கே நெரிசலாகத்தான் இருக்கிறது; ஆகவே செலவில் பாதி ஏற்கனவே உள்ள குறைக்கானது என்று ஆய்வில் தெரிந்தால், அந்த 2 கோடியைப் பொதுப்பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மீதி 2 கோடியை, அடுத்த 10 ஆண்டுகளில் வரக்கூடிய புதிய கட்டடங்களால் உச்ச நேரத்தில் கூடும் பயணங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவை 400 என்றால் ஒரு பயணத்துக்கு 50,000 ரூபாய் வரும். உச்ச நேரத்தில் 12 பயணங்களை உண்டாக்கும் ஹோட்டல் 6 இலட்சம் செலுத்தும். ஒரு பயணத்தை உண்டாக்கும் வீடு 50,000 செலுத்தும். பழைய குறையின் செலவையும் புதியவர் தலையில் கட்டினால், அந்தக் கட்டணத்துக்கு நியாயமே இல்லாமல் போய்விடும். மக்கள் செலுத்தும் வரியிலும் ஒரு பகுதி அதே வீதிக்குப் போவதால், அதற்கும் கழிவு கொடுக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டத்தின் நிபந்தனை. அந்தக் கழிவைத் தனியாகக் கணக்கிடாவிட்டால், திட்டச் செலவில் 50 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் வழக்குகளும் இருக்கின்றன. ஓரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரில் ஒரு கடையை விரிவாக்க அனுமதி கேட்டபோது, சைக்கிள் பாதைக்கு நிலம் தர வேண்டும் என்று நகரம் நிபந்தனை விதித்தது. அந்தப் பாதை வாகன நெரிசலைக் குறைக்கக்கூடும் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, நிபந்தனைக்கும் அந்தக் கட்டடத்தால் உண்டாகும் பாதிப்புக்கும் ஏறத்தாழப் பொருத்தமான அளவு இருப்பதை நகரமே காட்ட வேண்டும் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில் தன் காணியில் ஒரு வீடு வைக்க முயன்றவரிடம் போக்குவரத்துக் கட்டணமாக 23,420 டொலர் கேட்கப்பட்டது. அது ஒவ்வொரு கட்டடத்தையும் ஆராயாமல் வட்டாரத்தையும் கட்டட வகையையும் வைத்துப் போட்ட அட்டவணைத் தொகை. சபை சட்டமாக்கிய கட்டணம் என்பதற்காக அந்தப் பொருத்தச் சோதனையிலிருந்து அதற்கு விலக்குக் கிடையாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தொகை நியாயமானதா என்ற கேள்வியை அது முடிவு செய்யவில்லை. அதைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

பணம் எங்கள் வீதிக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். டெக்சாஸில் வீதிக் கட்டணத்தை வாங்கிய வட்டாரத்துக்குள்ளேயே செலவிட வேண்டும். அந்த வட்டாரம் 6 மைலைத் தாண்டக்கூடாது. 10 ஆண்டுகளுக்குள் செலவிடாவிட்டால் காணி உரிமையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கலிபோர்னியாவில் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் வரவு செலவைப் பகிரங்கப்படுத்த வேண்டும். என் அறிவுக்கு எட்டியவரை, கட்டணத்தைவிட இந்த இரண்டு ஏற்பாடுகளையும்தான் நாம் முதலில் கேட்டுப் பெற வேண்டும்.

பதில்: கட்டட ஒப்பந்தக்காரர், நுவரெலியா

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. ஆனால் மலையில் கட்டுபவனின் செலவையும் யாராவது சொல்ல வேண்டும். இங்கே அத்திவாரம் போடுவதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கைக்கு அலைய வேண்டியிருக்கிறது. அறிக்கை வந்தபின் மண்ணை வெட்டி, கல்லால் தடுப்புச்சுவர் கட்டி, மழைநீர் இறங்கக் கான் அமைக்கவே கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. சமதரையில் கட்டுபவனுக்கு இந்தச் சுமை இல்லை. வாகனத் தரிப்பிடத்துக்கு இடம் போதாவிட்டால் அதற்கும் சேவைக் கட்டணம் செலுத்துகிறோம். அந்தப் பணத்தில் எங்கள் தெருவில் ஒரு தரிப்பிடம் கட்டியதை நான் இதுவரை பார்க்கவில்லை. இன்னொரு கட்டணம் என்றதும் நாங்கள் மறுப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

இன்னொரு நியாயமும் உண்டு. இன்றைய நெரிசல் ஏற்கனவே எழும்பி நிற்கும் ஹோட்டல்களால் வந்தது. அவர்கள் ஒரு சதமும் தராமல் போய்விட, நாளை 6 அறைகளோடு தொடங்குபவன் மட்டும் செலுத்துவான். அதுவும் காணியை வாங்கியபின் திடீரென்று அறிவித்தால், அவன் அதை அறை வாடகையில் ஏற்றவும் முடியாமல், காணி விற்றவரிடம் குறைத்துக் கேட்கவும் முடியாமல் மாட்டிக்கொள்வான். சில ஆண்டுகளுக்கு முன்பே தொகையை அறிவித்துவிட்டால், காணி விலை பேசும்போதே அது கழிந்துவிடும். அப்போது சுமை பெரும்பாலும் காணிக்காரர் மேல்தான் இறங்கும். கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அறிவிக்காமல் வரக்கூடாது, ஆளுக்கொரு தொகையாக இருக்கக்கூடாது, முன்பே கட்டியவர்களின் பங்கைச் சோலை வரி மூலமாவது வாங்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர், பதுளை

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தாலோ நடைமுறையிலுள்ள சட்டத்தாலோ அதிகாரம் அளிக்கப்படாமல் எந்த உள்ளூராட்சி மன்றமும் வரியையோ அறவீட்டையோ விதிக்க முடியாது. சபைக் கூட்டத்தில் கையுயர்த்தித் தீர்மானம் நிறைவேற்றினால் மட்டும் போதாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இத்தகைய கட்டணத்துக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சட்டத் திருத்தம் தேவைப்படும். அதைச் செய்யாமல் வாங்கினால், முதலாவது வழக்கிலேயே வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அனுமதி கொடுப்பவர் ஒருவர், வீதியை வைத்திருப்பவர் வேறொருவர் என்பதாகும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் திட்டமிடல் அதிகாரம் நகர அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கிறது. அது தன் அதிகாரங்களைச் சபைகளுக்குக் கையளிக்கலாம். ஆனால் வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாகக் கும்பல்வெல வரும் ஏ23 வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்குரியவை. பிரதேச சபையின் கையில் எஞ்சுவது உங்கள் கிளைவீதி போன்றவை மட்டும்தான். சபை பணம் வாங்கினாலும் நெரிசல் உள்ள இடத்தில் அதற்கு ஒரு கல்லைக்கூட வைக்க அதிகாரம் இல்லை. கொழும்பில் பணம் வாங்கினால் அது எல்லவுக்குத் திரும்பி வருமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதே. தமிழ்நாட்டில் 2007 முதல் உட்கட்டமைப்பு, வசதிகள் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் தொகை மாநில மட்டத்து நிதியத்துக்குப் போகிறது. கட்டடம் நிற்கும் தெருவுக்கென்று அது ஒதுங்கியிருப்பதில்லை. இங்கிலாந்தில் புதிய கட்டடங்களுக்கு விதிக்கும் சமூக உட்கட்டமைப்பு அறவீட்டில், வாங்கும் பணத்தில் 15 சதவீதமும், அந்தப் பகுதி மக்கள் தயாரிக்கும் அயல்புறத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தால் 25 சதவீதமும் அந்த ஊரின் அடிமட்டச் சபைக்கே போகிறது. நம் நாட்டில் சட்டம் வரும்போது இப்படியொரு பங்கை எழுத்தில் கேட்க வேண்டும்.

பதில்: நோர்வூட் வாசகி

எல்லோரும் நகரத்து வீதிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீதி எந்தப் பட்டியலிலும் இல்லை. தோட்டத்துக்குள் கொழுந்து லொறி ஓடுவதற்காகப் போட்ட வீதியில்தான் எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணையும் அதே வீதியால்தான் ஆட்டோவில் இறக்குகிறோம். அதைத் திருத்தச் சபையிடம் கேட்டால், தோட்டக் கம்பனியின் வீதி என்றுதான் நெடுங்காலமாகப் பதில் வந்தது. தோட்டப் பகுதிகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழிசெய்யும் பிரதேச சபைகள் சட்டத் திருத்தம் 2018இல்தான் வந்தது. இப்போது பழைய துரைமார் பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகி வருகின்றன; அவற்றுக்குப் போகும் ஜீப்புகளும் அதே வீதியில்தான் ஏறுகின்றன. புதிய கட்டடங்களுக்கு மட்டும் கட்டணம் என்றால், பாவனை மாறிய பங்களா தப்பித்துவிடும். பாவனை மாற்றத்துக்கும் கட்டணம் இருக்க வேண்டும்.

அதே நேரத்தில், லயத்தை விட்டு வெளியேறி 7 பேர்ச்சஸ் காணியில் முதன்முதலாகச் சொந்த வீடு கட்டும் குடும்பத்திடம் 50,000 ரூபாய் கேட்பது பெரும் அநியாயம். இங்கிலாந்தில் தான் குடியிருக்கத் தானே வீடு கட்டுபவருக்கு அந்த அறவீட்டிலிருந்து 2014இல் விலக்கு அளித்தார்கள். அங்கேயே அது முடியுமென்றால் இங்கே அதைக் கேட்க நாங்கள் தயங்க வேண்டியதில்லை.

கேள்வியாளரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. உத்தியோகத்தர் ஐயா சொன்னதைப் பார்த்தால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அதுவரை எங்களால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: வீதிப் பொறியியலாளர், கண்டி

உண்டு ஐயா. கட்டட அனுமதியில் வீதிக்கோட்டையும் கட்டட எல்லைக் கோட்டையும் விட்டுத்தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி இன்றைக்கே இருக்கிறது. அது மீறப்படாமல் பார்த்துக்கொண்டாலே நாளை அகலப்படுத்த நிலம் மிஞ்சும். பெரிய கட்டடங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க ஆய்வு கேட்கப்படுகிறது. அந்த அறிக்கையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு வான் ஒதுங்கி நிற்கும் இடத்தைத் தன் காணியின் முகப்பிலேயே விடும்படி விருந்தகக்காரரைக் கேட்பது, பணம் வாங்குவதைவிட எளிதில் நடக்கும்.

அதோடு, உங்கள் வீதியில் வாகனங்களை எண்ணத் தொடங்குங்கள். அமெரிக்கக் கையேடுகள் தனிவீடு ஒன்று நாளுக்கு 9க்கும் மேற்பட்ட பயணங்களை உண்டாக்கும் என்று கணக்கு வைத்திருக்கின்றன; வீட்டுக்கு இரண்டு கார் இல்லாத நம் ஊருக்கு அந்த எண் பொருந்தாது. அங்கே உச்ச நேரம் வேலை முடிந்து திரும்பும் மாலை. எல்லயில் ரயில் வந்து நிற்கும் நேரமும் வார இறுதியும்தான் உச்சம், நுவரெலியாவில் ஏப்ரல் மாதம். ஆட்டோ, வான், பஸ், டிப்பர் என்று தனித்தனியாக, மணி வாரியாக ஒரு கொப்பியில் குறித்து, மதகுக்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை என்றும் பிரித்து வையுங்கள். சபையோ அதிகாரசபையோ நாளை எந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தாலும், பழைய நெரிசல் எவ்வளவு, புதியது எவ்வளவு என்று பிரிக்க அந்தக் கொப்பி தேவைப்படும்.